மியூசியத்தில் கிடைத்த கோத்திரம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். கோவிலில் பார்ப்பதும் உண்டு. இந்தக் காலத்தில் காபி கடையில் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் அனந்தநாராயணன் வருங்கால மருமகளைப் பற்றித் தெரிந்துகொள்ள மியூசியத்துக்குப் போனார். பெண் அப்போது சிங்கப்பூரில் இருந்தாள்.

எங்கள் ஒரே பிள்ளை நிகிலுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தவன், ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய் என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கூட வேலை பார்க்கும் வியட்நாம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். பெயர் லியென். அவர்கள் பாஷையில் தாமரை என்று அர்த்தமாம்.

"பத்மா!" என்றார் இவர் உடனே. பெயரை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

மீதிப் பாதிதான் கஷ்டம். இவர் பாங்கில் சீஃப் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். டாக்குமென்ட் இல்லாமல் எதையும் சாங்ஷன் செய்து பழக்கமில்லை. "எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷனும் இல்லை விஜி. நான் ரொம்ப பிராட் மைண்டட். ஆனா மனுஷாளுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். மனுஷாள் என்றால் உலகத்து ஜனங்கள் இல்லை. 'கல்பாத்தி டு செம்பூர்' என்று ஒரு வாட்ஸப் குரூப். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த இவருடைய சொந்தம் மொத்தமும் அதற்குள் அடைந்து கிடக்கிறது. அட்மின், மாட்டுங்காவில் இருக்கும் ராமபத்ரன் அத்திம்பேர். இவருடைய அக்கா புருஷன். காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் ஸ்லோகம் அனுப்புவார், பிறகு நாள் முழுக்க எல்லோரிடமும் குற்றம் கண்டுபிடிப்பார்.

எங்கள் வீட்டு விசேஷங்களை நடத்திவைக்கும் வாத்தியாருக்கு நானே போன் போட்டேன். அவர் தங்கமான மனுஷர். "வேற கோத்ரத்துக்காரா யாராவது பொண்ணை ஸ்வீகாரம் பண்ணிண்டு கன்னிகாதானம் பண்ணிக் குடுத்தாப் போறும் மாமி. இப்போ வருஷத்துக்கு ரெண்டு மூணு இப்படித்தான் நடக்கறது" என்றார். என் தம்பியிடம் கேட்டேன். நான் பண்ணித் தருகிறேன் அக்கா என்றான். என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

இவருக்கு முடியவில்லை. "அது பேட்ச் வொர்க். அத்திம்பேர் அதைப் பிரிச்சு மேஞ்சுடுவார்" என்றார்.

நிகில் அடுத்த வாரம் திரும்பவும் வீடியோவில் வந்தான். "லியெனையும் அவ அம்மாவையும் கூட்டிண்டு ஒரு வாரம் வரேன். எல்லாம் டீக்கா, சரியா இருந்தா முகூர்த்தம் பாருங்கோ. இல்லைன்னா நோ டென்ஷன், ஹனோய்ல ரிஜிஸ்டர் பண்ணிண்டு போட்டோ அனுப்பறேன்" என்றான்.

போட்டோ அனுப்புகிறானாம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஏறாத கோவில் ஏறி, சாப்பிடாத மாத்திரை சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை. அவன் கல்யாணத்தைப் போனில் பார்த்து, அதற்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நான் குக்கர் வைக்கப் போக வேண்டுமா? மடிசார் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டும், கேட்டரரிடம் சண்டை போட வேண்டும், அவன் தாலி கட்டும்போது கொஞ்சம் அழ வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அது நடப்பதும் நடக்காததும் இந்த மனுஷரின் தலையாட்டலில் இருந்தது.

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. வியட்நாமின் சரித்திரத்தையும் கலாசாரத்தையும் காட்டும் ஒரு மியூசியம், தன் பொருட்களில் ஒரு பகுதியைக் கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பியிருந்தது. கோட்டைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் மூன்று மாசம் வைத்திருப்பார்களாம். செய்தியோடு போட்டிருந்த படத்தில் ஒரு கல் லிங்கம். ஆவுடையோடு, சதுர பீடத்தோடு, நம்முடைய லிங்கம் மாதிரியே.

இவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. "விஜி, புடவையை மாத்திக்கோ" என்றார்.

செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். முதல் ஹாலில் வெண்கலத்தில் பெரிய பேரிகை, அதன் மேல் பறவைகளும் படகுகளுமாக அழகான வேலைப்பாடு. இவர் திரும்பியே பார்க்கவில்லை. பட்டு, பீங்கான், நீரில் ஆடும் மரப்பொம்மைகள், எதற்கும் நிற்கவில்லை. நேராக உள் ஹாலுக்குப் போய் லிங்கத்தின் முன்னால் நின்றார். சம்பா நாட்டைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கல்லில் ஒரு சிவன், மார்பின் குறுக்கே பூணூல் மாதிரி ஏதோ.

"பூணல் விஜி, பூணல்!" என்றார். அடுத்த நிமிஷம் மனுஷர் மியூசியத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, தடுப்புக் கயிற்றுக்கு மேல் கையை நீட்டிவிட்டார்.

"யய்யா பெரியவரே! கைய எடுங்க மொதல்ல!" என்று ஒரு சத்தம். யூனிஃபார்ம் போட்ட பெண் காவலாளி ஓடி வந்தாள். சட்டையில் முத்துமாரி என்று பெயர். தாராவிக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது, திருநெல்வேலித் தமிழ். "இங்கன துன்னூறு பூசப்புடாது. கேமராவுல பாத்தான்னா எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்ருவிய போலுக்கே!"

"இது ஸ்வாமி அம்மா" என்றார் இவர்.

"இருக்கட்டும்யா. இங்க வந்தா சாமிக்கும் டிக்கெட்டுதான்" என்றாள் அவள்.

பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டவர், அடுத்த பலகையைப் படிக்கப் போனார். படித்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. வியட்நாமின் தெற்குப் பகுதியைப் பற்றிய பழைய கதை அது. கௌண்டின்யன் என்ற ஒரு பிராமணன் கடல் கடந்து வந்தானாம். சோமா என்ற நாக அரசகுமாரியைக் கல்யாணம் செய்துகொண்டானாம். அவர்களுடைய வம்சம் அங்கே நாடாண்டதாம்.

எங்களுடைய கோத்திரம் கௌண்டின்ய கோத்திரம்.

"நம்ம ஆள்! விஜி, நம்ம ஆளாக்கும்! எப்பவோ போய் அங்கே பொண்ணெடுத்திருக்கான்!" ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பலகையைப் படம் எடுத்தார், லிங்கத்தைப் படம் எடுத்தார், பூணூலைக் கிட்டத்தில் எடுத்தார். ரயிலில் உட்கார்ந்து குரூப்புக்கு ஒரு கட்டுரையே எழுதி அனுப்பினார். வியட்நாம் நமக்கு அந்நியம் இல்லை, பெண்ணின் முன்னோர் சாட்சாத் கௌண்டின்ய மகரிஷியின் வழிவந்தவர்கள், ஆதாரம் இணைப்பில். குரூப்பில் கை கூப்பும் படங்கள் குவிந்தன. ஓர் அம்மாள், பெண்ணுக்கு என்ன வேதம், யஜுரா சாமமா என்று கேட்டிருந்தாள். செம்பூர் வந்து இறங்கும்வரை இவர் முகத்தில் ஒரே தேஜஸ்.

அன்று சாயங்காலமே ராமபத்ரன் அத்திம்பேரின் போன் வந்தது. இவர் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"அனந்தா, படிச்சேன். பிரமாதமான ரிசர்ச். ஒரே ஒரு சந்தேகம். பொண்ணு கௌண்டின்ய வம்சம்ங்கறே."

"ஆமாம் அத்திம்பேர், சந்தேகமே இல்லை."

"நீங்களும் கௌண்டின்ய கோத்ரம்."

"ஆமாம்."

"அப்போ ஸகோத்ரமாச்சேடா. நிகிலுக்கு அவ தங்கை முறைன்னா ஆறது!"

இவர் சோபாவில் உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

உலகத்தில் வேற்று ஜாதியில் பெண் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், வேற்று மதத்தில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கேயோ கிடந்த பெண்ணை மெனக்கெட்டு ரயில் ஏறிப் போய், டிக்கெட் வாங்கி, சொந்தப் பிள்ளைக்குத் தங்கையாக்கிவிட்டு வந்தவர் இவர் ஒருவர்தான் இருப்பார். வாத்தியாருக்கு போன் செய்தேன். அவர் சிரித்தார். "யாராவது ஸ்வீகாரம் பண்ணிண்டா சரியாப் போச்சு மாமி, அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். இவர் கேட்கவில்லை. "ஸ்வீகாரம் பண்ணினாலும் பிறந்த கோத்ரத்துலயும் பண்ணப்படாதாம், அத்திம்பேர் சொல்றார்" என்றார். இல்லாத கோத்திரத்தை இவரே கொண்டுவந்தார், இப்போது இவரே அதை விலக்க முடியாது என்கிறார்.

இந்த நிலைமையில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

லியென் சின்ன உருவம், பெரிய சிரிப்பு. 'ஆன்ட்டி' என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவள் அம்மா ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. என் வயசுதான் இருக்கும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. லியென்தான் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பழைய கட்டடத்தை பில்டர் இடித்து டவராக்கிக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. புது ஃபிளாட்டுக்கு ஓர் இன்டீரியர் டிசைனர் பெண்ணை வைத்து எல்லாம் செய்திருந்தோம். ஹால் சுவரில் சாம்பல் நிறத்தில் வால்பேப்பர், அதன் நடுவில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்த ஒரு ஓவியம். அது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சுவாமிக்குத் தனி அலமாரி, கதவைத் திறந்தால் தானாக எரியும் விளக்கு. விருந்தாளிகள் அறையில் பாக்ஸ் பெட், ஒரு விரலால் தூக்கினால் மெத்தையோடு பலகை மேலே போகும். பம்பாயில் பாதிக் குடித்தனம் கட்டிலுக்குள்தானே இருக்கிறது.

லியெனின் அம்மா வந்ததிலிருந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஹால் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கள் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பாத்ரூமைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து நான் கூட்டிப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தேடினாள். திரும்பவும் பாத்ரூமைக் காட்டினேன். சுவாமி அலமாரியைத் திறந்து காட்டியபோது மரியாதையாகக் குனிந்து வணங்கினாள். வணங்கிவிட்டு அதற்குப் பக்கத்துச் சுவரையும் பார்த்தாள்.

மறுநாள் காலை இவர் நிகிலைப் பால்கனிக்குக் கூட்டிப் போனார். நான் கதவோரத்தில் நின்றேன். எனக்கென்ன வெட்கம்.

"நிகில், ஒரு சின்ன டெக்னிகல் பிராப்ளம்டா. நீ கோச்சுக்கப்படாது. லியென் உனக்கு... ஒருமாதிரி தங்கை முறை ஆறா."

நிகில் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "அப்பா, பாகல் ஹோ கயே ஹோ க்யா? பைத்தியமா பிடிச்சிருக்கு? அவ நார்த் வியட்நாம். நான் செம்பூர். எப்படி தங்கை?"

இவர் போனில் பலகையின் படத்தை எடுத்துக் காட்டினார்.

"பஸ் அப்பா, போறும். ஞாயித்துக்கிழமை ஃபிளைட். அதுக்குள்ள ஹான்னா ஹான், இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்கோ. அவ அம்மா கிட்ட இந்தக் காமெடியெல்லாம் நான் சொல்ல முடியாது. அம்மா, நீ ஹனோய் வந்துடு, நான் டிக்கெட் எடுக்கறேன்."

இவரை விட்டுவிட்டு நான் மட்டும் போவது நடக்கிற காரியம் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு நம்மாத்துல தோசை தின்னுண்டு உக்காந்திருக்கா. அவ கௌண்டின்யனா இல்லையான்னு அவகிட்டயே கேக்க வேண்டியதுதானே? எங்கே கோத்ரத்தைக் கண்டுபிடிச்சேளோ அங்கேயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்கோ. எல்லாருமா மியூசியம் போலாம், கிளம்புங்கோ" என்றேன்.

போனோம். முத்துமாரி வாசலிலேயே இவரை அடையாளம் கண்டுகொண்டாள். "யய்யா, இன்னைக்கும் துன்னூறு கொண்டாந்தியளா?" என்று பையைத் திறந்து பார்த்த பிறகுதான் விட்டாள்.

வெண்கலப் பேரிகையின் முன்னால் அம்மாவும் பெண்ணும் நின்றுவிட்டார்கள். லியெனுக்கு ஒரே சந்தோஷம். "இது எங்கள் வடக்குப் பக்கத்தில் கிடைத்தது ஆன்ட்டி. பள்ளிக்கூடப் புத்தகத்து அட்டையிலெல்லாம் இருக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். இவர் அவளை நகர்த்தி நகர்த்தி உள் ஹாலுக்குக் கொண்டுபோனார். லிங்கத்தைக் காட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இவர்கள் உங்கள் மூதாதையர்தானே?"

லியென் பலகையைப் படித்தாள். "இல்லையே அங்கிள். இது சம்பா நாட்டு சாம் மக்களுடையது. நாங்கள் கின் இனம். நாங்கள் வேறு."

"வேறு என்றால்? தூரத்துச் சொந்தமா?"

அவள் சங்கடமாக நிகிலைப் பார்த்தாள். "எப்படிச் சொல்வது... எங்கள் ராஜாக்கள் தெற்கே படையெடுத்துப் போய் இவர்கள் தலைநகரைப் பிடித்தார்கள். பல நூறு வருஷம் சண்டை. ஸாரி அங்கிள். உங்களுக்கு இவர்கள் வேண்டியவர்கள் போலிருக்கிறது."

"அந்தக் கௌண்டின்யன்?"

"அவர் இன்னும் தெற்கே. எங்கள் ஊர்ப் பக்கமே வந்ததில்லை."

இவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "அப்போ நீங்கள் எதிரிகள்!" என்றார்.

"அது ரொம்பப் பழைய காலம் அங்கிள்..."

"எதிரிகள்தானே? சொந்தமே கிடையாதே? ரத்த சம்பந்தம் எதுவும்?"

"இல்லை."

"ரொம்ப சந்தோஷம் அம்மா! ரொம்ப சந்தோஷம்!" இவர் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நிகில் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நம் சிவன் கோவிலை இடித்தவர்கள் என்று சொல்லியிருந்தால்கூட அந்த நேரத்தில் இவர் அவர்களுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார். நின்ற இடத்திலேயே குரூப்புக்குச் செய்தி போனது. பெண் வீட்டார் கௌண்டின்யர்கள் அல்ல, அவர்களை வென்றவர்களைச் சேர்ந்தவர்கள், ஆகவே தடை நீங்கியது. அத்திம்பேரிடமிருந்து உடனே பதில் வந்தது. அப்படியென்றால் பெண் வீட்டுக்காரர்கள் க்ஷத்திரியர்களா என்று கேட்டிருந்தார். இவர் அதற்கும் சளைக்காமல் பதில் தட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. என் தம்பி கன்னிகாதானம் பண்ணிவிடுவான். ஆவணியில் முகூர்த்தம் இருக்குமா, மாட்டுங்காவில் ஹால் கிடைக்குமா, மடிசாருக்கு அரக்கா பச்சையா என்று யோசித்துக்கொண்டே கடைசி ஹாலுக்குள் நுழைந்தேன்.

அங்கே ஒரு வீட்டின் கூடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். சுவரோடு ஒட்டி உயரமான மர மேஜை, நல்ல கறுப்பு மெருகு. அதன் மேல் ஊதுபத்தி செருகும் சாம்பல் கிண்ணம், தட்டில் பழங்கள், சின்னச் சின்னக் கோப்பைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், யாரோ ஒரு கிழவரும் கிழவியும், கறுப்பு வெள்ளை போட்டோவில். முன்னோருக்கான பீடம் என்று எழுதியிருந்தது.

லியெனின் அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். கை கூப்பினாள். பிறகு திரும்பி, வந்ததிலிருந்து முதல் தடவையாக, நேராக இவரைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

லியென் தயங்கினாள். "அம்மா கேட்கிறாள்... உங்கள் வீட்டில் உங்கள் அப்பாவும் அம்மாவும் எங்கே இருக்கிறார்கள்?"

"ரெண்டு பேரும் காலமாகிவிட்டார்கள்" என்றார் இவர்.

அவள் அதைச் சொன்னாள். அம்மா தலையசைத்தாள். திரும்பவும் கேட்டாள்.

"அது தெரியும் என்கிறாள். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். வீடு முழுக்கத் தேடிவிட்டாளாம்."

பாத்ரூமைக் காட்டினேனே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இவர் அசடு வழிந்தார். மார்பைத் தொட்டுக் காட்டி, "எங்கள் நெஞ்சில் இருக்கிறார்கள்" என்றார். பாங்கில் பிரிவுபசார விழாக்களில் பேசிப் பழக்கம்.

லியெனின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சின்னதாக ஏதோ சொன்னாள். லியென் மொழிபெயர்க்கவில்லை. நிகில், "என்ன சொல்கிறாள்?" என்றான்.

"நெஞ்சில் எப்படி ஊதுபத்தி ஏற்றுவார்கள் என்கிறாள்." பிறகு லியென் தாழ்ந்த குரலில் சேர்த்தாள். "எங்கள் வழக்கப்படி, பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் பீடத்துக்கு முன்னால். அதற்குத்தான் அம்மா வந்தாள். அவர்கள் இருக்கிற இடமே தெரியாத வீட்டில் என்னை எப்படிக் கொடுப்பது என்று நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை."

நாங்கள் அவள் பெண்ணின் கோத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அவள் எங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் எங்களிடம் கண்டது இரண்டு சிவப்புப் பொட்டு வைத்த ஓவியம். கல்யாணம் மறுபடியும் என் கையிலிருந்து நழுவியது, இந்தத் தடவை வேறு பக்கமாக. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் மாமனார் மாமியார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பழைய வீட்டு ஹாலில், சந்தன மாலை போட்டு, வாசலைப் பார்த்து இருந்தார்கள். புது வீட்டு வால்பேப்பருக்கு அந்தக் கறுப்பு ஃபிரேம் ஒத்துவராது, வைப் கெட்டுவிடும் என்றாள் டிசைனர். வைப் என்றால் என்னவென்று இவர் கேட்கவில்லை. "பத்திரமா உள்ளே வெச்சுடு விஜி" என்றார். வைத்தோம். ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு, பாக்ஸ் பெட்டுக்குள்.

எந்த பாக்ஸ் பெட் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது ஒன்றுதான். லியெனின் அம்மா அதன் மேல்தான் படுத்துப் புரண்டுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் இவருடைய போன் சட்டைப் பையில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்தது. எடுக்கவில்லை. குர்லா தாண்டும்போது, "அப்பா ஃபிரேம்ல கண்ணாடி உடைஞ்சிருக்குமா விஜி?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் லியெனின் அம்மா அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியை அடுக்க ஆரம்பித்திருந்தாள். இவர் வாசலில் போய் நின்றார்.

"அங்கிளுக்கு ஏதாவது வேண்டுமா?" என்றாள் லியென்.

"கட்டிலைத் திறக்கணும்" என்றார் இவர் தமிழில். அது அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எழுந்துகொண்டாள், அம்மாவையும் எழுப்பினாள்.

பலகை ஓசையில்லாமல் மேலே போனது. நிகிலின் பழைய இன்ஜினியரிங் புத்தகங்கள், கிரைண்டர் மூடி, கல்யாணங்களில் வந்து பிரிக்காத போர்வைகள், சக்கரம் உடைந்த டிராலி பெட்டி. இவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் சோலாப்பூர் சாதர் போர்வையில் சுற்றி, முகம் குப்புற, என் மாமனார். அவர் மேல் என் மாமியார்.

லியெனின் அம்மா படத்தைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். ஹனோய், ரிஜிஸ்டர், போட்டோ, கட்டைவிரல்.

அவள் தரையில் மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்து நெற்றிக்குக் கொண்டுபோய், என் மாமனாரின் படத்தைப் பார்த்து மெதுவாக நிறைய பேசினாள். குரல் நடுங்கியது.

லியெனின் கையை இடித்தேன். "திட்டுகிறாளா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"இல்லை ஆன்ட்டி. மன்னிப்புக் கேட்கிறாள். நீங்கள் கீழே இருப்பது தெரியாமல் மேலே படுத்துவிட்டேன், வெளியூர்க்காரி, மன்னித்துவிடுங்கள் என்கிறாள்."

வைத்தவர்கள் நாங்கள். மன்னிப்புக் கேட்டது அவள். பூமி பிளந்து என்னை அங்கேயே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மியூசியத்தில் முன்பின் தெரியாத கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர், சொந்த அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்தார். ஹாலுக்குப் போய் இரண்டு சிவப்புப் பொட்டையும் கழற்றிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் சாய்த்துவைத்தார். அந்த ஆணியில் அப்பா வந்துவிட்டார். அம்மாவுக்கு இன்னொரு ஆணி வேண்டும். ஸ்டூலில் ஏறி, சாம்பல் நிற வால்பேப்பரில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது என்பது எங்கள் ஹவுசிங் சொசைட்டி விதி. அதை எழுதிய கமிட்டியில் இவரும் ஒருவர். இன்டர்காம் அடித்தது. செக்ரட்டரி.

"மேரே மா-பாப் கோ லகா ரஹா ஹூம். ஜோ கர்னா ஹை கரோ!" என்று ஹிந்தியில் கத்திவிட்டு வைத்தார். என் அப்பா அம்மாவை மாட்டுகிறேன், செய்வதைச் செய்துகொள் என்று அர்த்தம். நிகில் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

என் மாமனாருக்கு என்ன பிடிக்கும் என்று லியெனின் அம்மா கேட்டாள். இவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். "காபி. சர்க்கரை கம்மியா, நுரையோட" என்றேன் நான். உள்ளே போய் டிகாக்‌ஷன் இறக்கிக் கலந்து வந்தேன். ஹாலில் இருந்த குட்டி மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். அவள் தன் பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் மிட்டாயை எடுத்து டபராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். என் ஊதுபத்தி மூன்றை ஏற்றினாள்.

பிறகு என் மாமனாரிடம் திரும்பவும் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. நிதானமாக, சம்பந்தி வீட்டில் முறையாகப் பேசுகிற தோரணையில், லியெனைக் காட்டினாள், நிகிலைக் காட்டினாள், விரல் மடித்து ஏதோ சொன்னாள். நடுவில் நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டாள். கடைசியில் தலை குனிந்து வணங்கிவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போய்விட்டாள்.

"என்ன சொன்னாள்?" என்று நிகில் பறந்தான்.

லியெனின் கண்கள் நிறைந்திருந்தன. "கேட்டாகிவிட்டது. அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றுகிறதாம்" என்றாள்.

"அதற்கு இவ்வளவு நேரமா?" என்றேன்.

"அப்புறம் என்னைப் பற்றிச் சொன்னாள் ஆன்ட்டி. இவளுக்கு அப்பா இல்லை. கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போய்விடும். காரம் ஆகாது. உடம்பு சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று."

இவரும் நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். அவள் அம்மா இதையெல்லாம் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.